குமுளி மலைக்குப் போகுமுன்

காட்டுப்பன்றிக்கென்று கணவன் வேலியில் விட்ட மின்சாரத்தில் ஒரு சினை மிளா மான் செத்துக் கிடந்ததைப் பார்த்த நாள்முதல் பாண்டீஸ்வரிக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இன்று காலை சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அவனுக்கு எழுதினாள்:

மாமா, சோறு வடிச்சாச்சு. மொச்சைக் குழம்பு சட்டியில இருக்கு, சுட வச்சுக்கிடுங்க. நான் சைக்கிள்ல குமுளி மலை ஏறப் போறேன். ஏறிட்டா, காட்டு விலங்குகளக் காப்பாத்துறவுகளுக்குப் பணம் தர்றதா நான் வேலை பாக்குற ஸ்கூல் டீச்சர்க சொல்லியிருக்காக. வெளிய போனா சாவிய மாடத்துல வைங்க.

நேத்து திரும்பவும் வேலிக்குக் கரண்டு விட்டீக. பாத்தேன்.

இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

மோட்டார் ரூம்ல வேலியோட பீஸ் கட்டையத் தேடாதீக. எம் பையில இருக்கு. சாயங்காலம் நான் வந்துருவேன். அது வராது.