நீ பாதியில் சேமித்து வைத்த விண்ணப்பம்

மாப்ள,

இன்று மத்தியானம் தறியை நிறுத்திவிட்டு வந்து, மகளின் நர்சிங் கல்லூரி விண்ணப்பத்தைப் போனில் திறந்தேன். இன்று சாயங்காலத்தோடு கடைசி. ‘உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்’ என்றது. எனக்கு ஒன்றும் வரவில்லை. வாசலில் போய் நின்று போனை உயர்த்திக்கூடப் பிடித்துப் பார்த்தேன். “அப்பா, அதுல இருக்கது மாமா நம்பரு” என்றாள் மகள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

உன் கம்ப்யூட்டர் கடையில் இதைத் தொடங்கிய அன்று நீதான் சொன்னாய்: “ஏலே, ஆஃபருக்கு ஆஃபர் சிம்மு மாத்துறவன் நீ. காலேஜுக்காரன் ஒன்னய எங்க போயித் தேடுவான்? என் நம்பரப் போடுறேன்.” அருப்புக்கோட்டையில் பாதிப் பேரின் விண்ணப்பத்தில் உன் எண்தான் இருக்கும்.

முதல் பக்கத்தை நானே அடிப்பேன் என்று அடம்பிடித்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன். முடிக்கப்போகும் நேரம் கரண்டு போனது. நான் காலை நீட்டி உட்கார்ந்து டீ சொன்னேன். தறியில் அப்படித்தானே! கரண்டு போனால் நெசவு நின்ற இடத்தில் நிற்கும். வந்தால் அங்கிருந்தே ஓடும். கரண்டு வந்தது, பக்கம் வெள்ளையாக நின்றது. நீ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ உன் சட்டையில் சிந்தியது. “இது என்ன ஒன் தறியா, விட்ட எடத்துல நிக்க? சேவ் பண்ணாம எந்திரிக்கக் கூடாது மாப்ள.”

பிறகு நீயே முதலிலிருந்து அடித்தாய், பக்கத்துக்குப் பக்கம் சேமித்தபடி. மகளின் போட்டோ இல்லாமல் பாதியில் நின்றது. “அடுத்த வாரம் கொண்டா, முடிச்சிருவோம்” என்றாய். அடுத்த வாரம் உன் வீட்டுக்கு மாலையோடுதான் வந்தேன்.

உன் வீட்டுக்காரத் தங்கச்சிக்குப் போன் போட எனக்குத் தயக்கம். மகள்தான் தன் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “அவுக போனு சார்ஜுலதான் கெடக்கு அண்ணே, இருங்க” என்று தங்கச்சி ஓடிபி எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தது.

அதைப் போட்டதும் நீ அடித்ததெல்லாம் ஒன்றுவிடாமல் வந்து நின்றது. தந்தையின் தொழில் என்ற இடத்தில், ‘தறி ஓட்டுறேன்’ என்று நான் சொன்னதை ‘விசைத்தறி நெசவாளர்’ என்று மரியாதையாகப் போட்டிருந்தாய். திரை மங்கலாகத் தெரிந்தது. சட்டை நுனியால் போனைத் துடைத்தேன். “போனு நல்லாத்தாம்ப்பா இருக்கு” என்றாள் மகள்.

போட்டோவை ஏற்றினோம். இப்போதெல்லாம் என் விரல் சேமிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. நீ ஏசுவாயே என்று இன்னும் ஒரு பயம்.

அனுப்புமுன், “நம்பர மாத்திருவமாப்பா?” என்று கேட்டாள். தங்கச்சி இன்னும் லைனில்தான் இருந்தது.

“மாத்தாதீக அண்ணே. அந்தப் போனு சும்மாதான் கெடக்கு. நல்ல சேதி ஏதாச்சும் வரட்டும்.”

மாற்றவில்லை. பிள்ளைக்கு இடம் கிடைத்தால் சேதி முதலில் உன் வீட்டில்தான் வந்து இறங்கும். எனக்கு அப்புறம் தெரிந்தால் போதும்.