கடல் தெரியும் வீட்டில் ஒரே குளியலறை

அன்பு வாண்டுக்கு,

கடற்கரை வாடகை வீட்டிலிருந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா எழுதுவது. நீ நலமா? நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இப்போதைக்கு அதற்கு மேல் சொல்ல முடியாது.

போனில் பேசலாம்தான். ஆனால் இந்த வீட்டில் ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்து அறையில் இருப்பவர் என்னவென்று கேட்கிறார். உன் வருங்கால மாமனார் மாமியாரைப் பற்றி அவர்கள் காது கேட்கவா பேச முடியும்? அதனால் பால்கனியில், ஒரு கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஆடிக்கொண்டே எழுதுகிறேன். கீழே கூரியர் கடை இருக்கிறது. நாளை கொடுத்துவிடுவேன்.

முதலில் உன்னைத் திட்டித் தீர்த்துவிடுகிறேன். கல்யாணம் பேசி முடிப்பதற்கு முன்னால் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரு வாரம் ஒரே கூரையின் கீழ் இருந்து பாருங்கள், அப்போதுதான் யார் எப்படி என்று தெரியும் என்றவள் நீ. ஓட்டலில் தனித்தனி அறை எடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு, ஓட்டலில் எல்லோருமே நல்லவர்களாகத்தான் தெரிவார்கள் என்றாய். கடைசியில் உன் ஆளுக்கு மட்டும் லீவு கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை என்று அழகாகக் கழன்றுகொண்டாய். இங்கே நாங்கள் ஐந்து பேர். குளியலறை ஒன்று.

விளம்பரத்தில் கடல் தெரியும் வீடு என்று போட்டிருந்தார்களே, அது பொய் இல்லை. கக்கூஸ் பீங்கான் மேல் ஏறி நின்று, காற்று வரும் சந்து வழியாகப் பார்த்தால் தெரிகிறது. உன் அப்பா ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, அருமையாக இருக்கிறது என்றார். அவருக்கு எதுதான் அருமையாக இல்லை?

குளியலறையில் தண்ணீர் போகாமல் நின்றது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. யார் யார் தலையில் இருந்தோ வந்த முடியெல்லாம் சோப்பு நுரையோடு சேர்ந்து ஒரு பெருச்சாளி அளவுக்குச் சுருண்டு கிடந்தது. குச்சியால் இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. ஃபிரிட்ஜில் எங்களுக்கு முன்னால் தங்கியவர்கள் கடித்து வைத்த ஆப்பிள், பல் பதிந்த இடத்தில் பூசணம் பூத்து. படுக்கையில் ஏதோ கறை தெரிந்தது என்று மெத்தையைத் திருப்பிப் போட்டேன். உடனே மறுபடி பழையபடியே திருப்பிப் போட்டேன்.

வீடு இப்படி என்றால் ஆட்கள் எப்படி என்று கேட்பாய். அவன் அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுகிறார். அதில் ஒன்று தெறித்து என் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே சுண்டிவிட்டு, இங்கே காற்று நன்றாக வருகிறது என்றார். அவன் அம்மா, சம்பந்தி என்று இப்போதே எழுதலாமா தெரியவில்லை, கரண்டியை நாக்கில் வைத்து ருசி பார்த்துவிட்டு அதே கரண்டியால் கிண்டுகிறார். ஈரக் கையை உடுத்தியிருக்கும் துணியிலேயே துடைக்கிறார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு நின்றபடியே பாத்திரத்தில் இருந்து வழித்துச் சாப்பிடுகிறார். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது.

ஆனால் உன் ஆள் இருக்கிறானே, அவனைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்லை. குளித்துவிட்டு வந்தால் துண்டை மடித்துக் கொடியில் போடுகிறான். இந்தக் குப்பைத் தொட்டியில் இருந்துகொண்டு தினமும் எப்படித்தான் சலவைக்குப் போட்டு வாங்கியது மாதிரி சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறானோ தெரியவில்லை. அவனுடைய வெள்ளை ஷூவில் ஒரு மண் துகள் கிடையாது. இன்று கலங்கரை விளக்கம் பார்க்கப் போனோம். படிக்கட்டு முழுக்க மூத்திர நாற்றம். அவன் கைக்குட்டையால் கம்பியைத் துடைத்துவிட்டுப் பிடித்து ஏறினான். நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டேன், சுத்தக்கார ஜாதி.

உன் அப்பா அந்தக் கம்பியைப் பிடித்த கையாலேயே வாயைத் துடைத்தார். சட்டைப் பையில் வழக்கம் போலப் பழைய பிளாஸ்டிக் பைகளை மடித்துத் திணித்திருக்கிறார். சம்பந்திகள் முன்னால் பிச்சைக்காரன் மாதிரி இது எதற்கு என்றால் சிரிக்கிறார்.

அம்மா, நீ எதற்கெடுத்தாலும் முகம் சுளிப்பாய், அருவருப்பைக் கழித்துவிட்டு ஆளைப் பார் என்று சொல்லி அனுப்பினாய். இந்தப் பையனிடம் கழிப்பதற்கே ஒன்றும் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் அவர்கள் உன் முடிவைக் கேட்பார்கள். சரி என்று சொல்லிவிடு.

உன் அம்மா


அன்பு வாண்டு,

மேலே இருக்கும் கடிதத்தை நான் கூரியரில் கொடுக்கவில்லை. நேற்றே கொடுத்திருந்தால் இந்நேரம் நீ சரி என்று சொல்லத் தயாராகியிருப்பாய். கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. இரண்டையும் ஒரே உறையில் அனுப்புகிறேன். உன் அம்மாவின் மூக்கு எப்படிப்பட்ட ஏமாளி என்று நீயே பார்.

இன்று படகில் ஒரு தீவுக்குப் போனோம். பறவைத் தீவு என்றார்கள். தீவு முழுக்கப் பறவை எச்சம், அதுதான் காட்சி. திரும்பி வரும்போது அலை தூக்கிப் போட்டது. டீசல் புகை வேறு. அவன் அம்மா முகம் வெளுத்துப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெதுவாக அவன் தோளில் சாயப் போனார். அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தான். அடுத்த நிமிடம் அவருக்கு வாந்தி வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. மடியில், பலகையில், அவன் ஷூவில் எல்லாம்.

நான் காலைத் தூக்கிக்கொண்டேன். அதை மறைக்கவில்லை. என் செருப்பில் படக்கூடாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவன் அப்பா எழுந்து படகின் முன்பக்கம் போய், கடலைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார். திரும்பவே இல்லை.

அவன் எழுந்து நின்றான். கத்தவில்லை, அமைதியாகத்தான் சொன்னான். "இதுக்குத்தான் வீட்டிலேயே இருன்னு சொன்னேன். உன்னை எங்கேயும் கூட்டிட்டுப் போக முடியாது."

அவன் அம்மா வாய் கொப்பளிக்கத் தண்ணீருக்குக் கை நீட்டினார். எங்களிடம் மீதி இருந்தது ஒரே ஒரு பாட்டில். அதை அவன் எடுத்துத் திறந்து, குனிந்து, தன் ஷூவைக் கழுவினான். கடைசிச் சொட்டு வரை. காலிப் பாட்டிலைக் கடலில் எறிந்துவிட்டு, கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான்.

வாண்டு, அந்த முடிக் கற்றையைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படிக் குமட்டவில்லை.

உன் அப்பா எப்போது எழுந்து போனார் என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தால் அந்த அம்மா முன்னால் மண்டி போட்டுக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து அவர் வாயருகே பிடித்திருக்கிறார். இன்னொரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, வந்துடட்டும்" என்கிறார். அந்தக் குரல் உனக்குத் தெரியும். பஸ் இரண்டு வளைவு திரும்பினாலே கக்கி வைக்கிற பெண்ணைப் பெற்ற மனிதர் அவர். நீ இப்போது எங்களோடு பஸ்ஸில் வருவதே இல்லை. ஆனால் பை மட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அது எதற்கு என்று இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவில்லை.

கரைக்கு வந்ததும் உன் அப்பா கையைக் கடல் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே கடையில் பன் வாங்கித் தின்றார். எனக்குக் குமட்டியது. ஆனாலும் போய் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு குளியலறைக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அவன் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதைக் கொண்டு என்கிறாய்? தன் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டு. பக்கத்தில் அவனுடைய நாளைய சட்டை, துவைத்துப் பிழிந்து வைத்திருந்தது. அவர்கள் அறையில் பார்த்தேன், தரையில் போர்வையை மடித்து விரித்து, மேலே இஸ்திரிப் பெட்டி. அந்தத் துண்டைக் கொடியில் மடித்துப் போட்டதுகூட யார் என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நான் சுத்தம் சுத்தம் என்று மெச்சினேனே, அதெல்லாம் அவனுடையது இல்லை. இந்த அம்மா தன் மேல் வாங்கிக்கொண்ட அழுக்கு.

என்னைப் பார்த்ததும், அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே இதெல்லாம் ஆகாது, மனசில் ஒன்றும் கிடையாது என்று அவசரமாகச் சொன்னார். அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டார். "உங்க பொண்ணுக்கு இதை எழுதிடாதீங்க. நல்ல பொண்ணு, எங்க வீட்டுக்கு வரணும்னு ஆசையா இருக்கேன்."

 என்னுடைய துணி சோப்பையும், கூடவே நான் பிரிக்காமல் வைத்திருந்த புது பிரஷ்ஷையும் கொடுத்துவிட்டு வந்தேன். இதோ எழுதியும் விட்டேன். அந்த அம்மா மன்னிக்கட்டும்.

அவனை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. காலைத் தூக்கிக்கொண்டவள்தானே நானும். ஒரே ஒரு படகுப் பயணத்தை வைத்து ஒரு மனிதனை எடை போடாதே என்று உன் அப்பாவும் சொல்கிறார், அவர் யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டார். நாங்கள் பார்த்தது போதாது, நீ பார்.

அவன் அங்கே வந்து சேர்ந்ததும், பதில் சொல்வதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு மலைப் பாதையில் பஸ்ஸில் போய் வா. மாத்திரை போடாதே. ஜன்னல் ஓரம் உட்காராதே. அவன் அந்த வெள்ளை ஷூவையே போட்டுக்கொண்டு வரட்டும். உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை மடித்து வைத்திருக்கிறேன், உன் அப்பா சட்டையில் இருந்து எடுத்தது. பழசுதான், ஆனால் முகர்ந்து பார்த்துத்தான் வைத்தேன். பஸ் ஏறும்போது அதை அவன் கையில் கொடு.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. உனக்கு எப்போது உடம்பு குலுங்கினாலும் உன் நெற்றிக்கு அடியில் ஒரு கை இருக்க வேண்டும். அது சுத்தமான கையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா