தொண்ணூற்றொன்று போதும்

அன்று போனில் நீ பொய் சொன்னாய். "வாயுப் பிடிப்புதான் மச்சான், மெதுவா வா" என்றாய். அது வாயு இல்லை என்று உனக்குத் தெரியும்.

இன்று காலை பெட்ரோல் பங்கில், "சாதாவா, தொண்ணூத்தஞ்சா?" என்று கேட்டார்கள். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும் மலைமேல் காவலூரில் நீ பைக்குகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது.

முதலாளியின் ஹைபிரிட் காரை முதன்முதலாக அங்கே ஓட்டி வந்தபோது, இதற்குத் தொண்ணூற்றைந்து ஆக்டேன் பெட்ரோல் தவிர வேறெதையும் ஊற்றக்கூடாது என்பது அவர் உத்தரவு என்றேன். நீ டேங்க் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாய். குறைந்தது தொண்ணூற்றொன்று என்றிருந்தது. சாதா பெட்ரோலே தொண்ணூற்றொன்றுதான். அதற்கும் குறைந்தால் ஏற்றத்தில் இன்ஜின் டக்டக்கென்று தட்டும், தேவைக்கு மேல் ஊற்றினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்றாய்.

"இன்னாடா, வண்டி செஞ்சவனே எழுதி வச்சிருக்கான். உங்க மொதலாளி சொன்னாத்தான் நம்புவியா?"

நம்பினேன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

நீ போன் செய்த அன்று நான் ஆலங்காயத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் காரோடு நின்றிருந்தேன். ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. மலைக்காரன் நெஞ்சுவலியும் வரிசையில்தான் நிற்க வேண்டும். முதலாளி சாவியைத் தரத் தயங்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். "போய்ட்டு வா. வண்டிக்குக் கண்டதையும் ஊத்திடாத" என்றார், அவ்வளவுதான்.

டேங்க் காலி என்று விளக்கு எரிந்தது. ஆலங்காயம் பங்கில் அன்று சாதாதான் இருந்தது. நான் மலைப்பக்கம் திரும்பாமல், தொண்ணூற்றைந்தைத் தேடி வாணியம்பாடிக்கு ஓட்டினேன். போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல்.

வேர்த்துக் கொட்ட, கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாய். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. கார் இருக்கையில் கிரீஸ் ஒட்டிவிடும் என்று சட்டையைக் கழற்றி உள்பக்கம் கீழே வரும்படி விரித்து, அதன்மேல் உட்கார்ந்தாய். அந்த நிலையிலும் இன்னொருவன் காருக்கு நீ பயந்தாய். நாம் இப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம்.

இறக்கத்தில் இன்ஜின் தானாக அணைந்தது. வண்டி பேட்டரியில் சத்தமில்லாமல் இறங்கியது. நான் அலைந்து வாங்கிய பெட்ரோலில் ஒரு சொட்டுகூட அப்போது எரியவில்லை. அந்த அமைதியில்தான் உன் மூச்சும் கேட்கவில்லை என்று தெரிந்தது.

இன்று சாதாவே போடச் சொன்னேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். "அப்படியா, சரி" என்றார். இத்தனை சுலபமாக முடிகிற பேச்சு அது. கோபப்படக்கூட அலுப்பாக இருக்கிறது. மூடியை மட்டும் ஒவ்வொரு முறையும் திறந்து படிக்கிறேன்.

மெதுவா வா என்று இனியும் சொல்லாதே. 'இன்னாடா பண்ண அவ்ளோ நேரம்?' என்று ஒரே ஒரு தடவை கேள்.