கட்டைக்கு அடியில் டி.பி.

மாயாபந்தர்
8.6.1964

அன்புள்ள சொக்கலிங்கம் அண்ணாவுக்கு, மங்கையர்க்கரசி எழுதுவது.

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. உங்கள் ஆயுதக் கிடங்கு இங்கே போலீஸ் முகாமுக்கு அனுப்பிய ரைபிள், சுடும் பயிற்சியில் வெடித்து உங்கள் மாப்பிள்ளைக்கு, என் வீட்டுக்காரருக்கு, வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. தந்தி கொடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒரு வரி வரவில்லை.

குழலுக்குள் துடைக்கிற துணியை விட்டுவிட்டுச் சுட்டார் என்று அவர் மேலேயே பழி போடுகிறார்கள். இருபதாம் தேதி விசாரணை. வேலை போய்விடும்.

வெடித்ததில் மரக்கட்டை பிளந்து, அடியில் இரும்பில் ‘டி.பி.’ என்று தெரிகிறது. டி.பி. என்றால் அணிவகுப்புக்கு மட்டும், தோட்டா போடவே கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். கட்டையின் மேலே இருந்த அதே எழுத்தை இழைத்துவிட்டு, பரிசோதனை முத்திரையைப் புதிதாக அடித்திருக்கிறீர்கள். பயிற்சி அன்று காலை இவர், “மச்சான் முத்திரை போட்டிருக்காரு, நீ ஏன் ஃபிக்கர் பண்றே, கவலைய விடு” என்று சிரித்துக்கொண்டு போனார். அண்ணா, வந்து உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
மங்கை

ஜங்லிகாட்
13.6.1964

அன்புத் தங்கைக்கு ஆசிகள்.

அண்ணனிடம் பேசுகிற பேச்சா இது? எனக்கே முத்திரை விளக்கம் சொல்கிறாயா? இருபது ரைபிள் அன்றைய கப்பலில் போயே தீர வேண்டும் என்றார் மேலதிகாரி. இருந்தது பத்தொன்பது. இருபதாவதாக ஒரு டி.பி. ரைபிளை எடுத்து, வெளியே தெரிந்த எழுத்தை இழைத்து முத்திரை அடித்தேன். கட்டையைக் கழற்ற நேரமில்லை. அது மாப்பிள்ளை கைக்கு வரும் என்று கண்டேனா?

உண்மையைச் சொன்னால் எனக்கு ஜெயில்தான். மூன்று பெண்களை வைத்திருக்கிறேன். துணியை மறந்துவிட்டதாக மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளட்டும். சௌல்தாரி ஊரில் அவருக்குக் காவல்காரர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் அண்ணன்
சொக்கலிங்கம்

மாயாபந்தர்
21.6.1964

அண்ணா,

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். “மூணு பொண்ணு வச்சிருக்காரு. நான் ஒத்துக்கிட்டுப் போறேன், சோடு தே, விட்டுடு” என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கை எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று நானே போய்க் கடிதத்தை விசாரணை அதிகாரி மேஜையில் வைத்தேன். “கிஸ்கா சிட்டி ஹை?” என்று, யார் கடிதம் எனக் கேட்டார். என் கூடப்பிறந்தவருடையது என்றேன். இவர் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். உங்களைத் தேடி ஆள் வரும்.

அண்ணியும் பெண்களும் இங்கே வரட்டும். நான் சோறு போடுகிறேன். நீங்கள் வெளியே வந்த பிறகும் என் வாசலை மிதிக்க வேண்டாம்.

மங்கையர்க்கரசி பன்னீர்செல்வம்