குங்குமம் வைத்த பொய் மீன்

அன்புள்ள அம்மாவுக்கு, இனியன் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் மாத்திரையை நிறுத்திவிடாதே. போனில் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால், ஊருக்கு வரும் ஜம்புநாதன் அங்கிளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். காரணம் பிறகு சொல்கிறேன்.

நியூஜெர்சியில் ஏரிப் பனி உருகிவிட்டது. இங்கே மஸ்கி என்று ஒரு மீன், நிறுத்திவைத்தால் என் இடுப்புக்கு வரும். அதற்குப் புழு மாட்டுவதில்லை. லூர் என்கிற பொய் மீனை வீசி இழுக்க வேண்டும். பெரிய மீனாயிற்றே என்று நான் கடையில் முழ நீளத்தில் பளபளவென்று ஒரு லூரை எடுத்தேன். ஆபீஸ் நண்பன் சுஹாஸ் அதை வாங்கித் திருப்பி வைத்தான். "தண்ணி இன்னும் ஜில்லுனு இருக்குடா. மீன் சோம்பலா கிடக்கும். சின்னதா எடு, ஸ்லோவா இழு."

வாங்கிய விரல் நீள லூரை, புதுப்பொருள் எதையும் நீ செய்வது போல, சாமி படத்தின் முன் வைத்துக் குங்குமமும் இட்டேன். "மீனுக்குப் பொண்ணு பாக்கப் போறியா?" என்றான் சுஹாஸ்.

சனிக்கிழமை அவன் குழந்தைக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன். மத்தியானத்துக்கு மேல் அந்த லூரையே மஸ்கி கவ்வியது. கொல்லவில்லை, தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். அதன் வாயிலிருந்து லூரைக் கழற்றும்போது கொக்கி என் கட்டை விரலில் லேசாக ஏறிவிட்டது. கிளினிக்கில் எடுத்து ஊசி போட்டார்கள், அவ்வளவுதான். வலது கை என்பதால் கொஞ்ச நாள் காய் நறுக்க முடியாது. அங்கிள் திரும்பும்போது பருப்புப் பொடி கூடுதலாகக் கொடுத்துவிடு.

அங்கிள் கார் வந்துவிட்டது. மீன் படம் எங்கே என்று கேட்பாய். அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது; போனைப் பிடிக்க அங்கே யாரும் இல்லை. நிஜமாகவே பிடித்தேன் அம்மா, நம்பு.

இனியன்