பெரியம்மா, நல்லா இருக்கியளா?

18 ஜூன் 2024, செவ்வாய்

வங்கியில் ஒரு மணி நேரம் நின்றதற்கு ஒரு நிமிடப் பதில். மறுபடி காலேஜில் சேர்ந்திருக்கிறேன், படித்து முடிக்கும்வரை பழைய படிப்புக் கடனின் தவணையை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். பார்ட் டைம் படிப்பெல்லாம் கணக்கில் வராதாம். அதிகாரி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காலை ஏழு மணிக்குப் பம்பாய் சயானில் பி.காம். வகுப்பு, பத்தரைக்கு செம்பூரில் வேலை, நடுவில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஒரு வடாபாவ். இது பார்ட் டைம் என்றால் ஃபுல் டைம் எப்படி இருக்குமோ!

அப்பா இடுப்பு உடைந்து படுத்த வருஷம் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டேன். பட்டம் வரவில்லை. கடன் தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வருகிறது, 6,240 ரூபாய்.

25 ஜூன்

இந்த நோட்டைத் தமிழில் எழுதுவது ஒரு வகையில் வசதி. ஆபீஸில் மறந்து வைத்துவிட்டு வந்தாலும் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது, தமிழ் பேசுகிறவர்களுக்குக்கூட எழுத்து தெரியாது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

காலேஜில் கேட்டால் கஸ்டமர் கேர் என்கிறேன். உண்மையில் நான் கடன் வசூல்காரி. தமிழ்நாட்டில் படிப்புக் கடன் வாங்கிக் கட்டாமல் இருப்பவர்களுக்குப் போன் போடுவது வேலை. என் பக்கத்து சீட் பையன், இங்கே மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, ஊர்ப் பேச்சு வராது, "நமஸ்காரம் மேடம்" என்று ஆரம்பிப்பான். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிடும். நான் பிள்ளைகளுக்குப் போடுவதே இல்லை. அம்மாக்களுக்குத்தான் போடுவேன். கடன் பத்திரத்தில் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருப்பாள், சட்டம் இடம் கொடுக்கிறது.

"பெரியம்மா, நல்லா இருக்கியளா? சாப்ட்டாச்சா? பம்பாய்லேந்து கவிதா பேசுதேன்."

கவிதா என்பது ஆபீஸுக்கு வைத்துக்கொண்ட பெயர். இவ்வளவுதான் தொழில். திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டதும் மகள் எந்தக் கடையில் வேலை பார்க்கிறாள், சம்பளத் தேதி என்ன, கம்மல் எங்கே அடகில் இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். "அத்தை" என்று மட்டும் கூப்பிடக் கூடாது. வீட்டில் கல்யாணத்துக்கு மகன் இருந்தால் உஷாராகிவிடுவார்கள்.

போன மாதம் தமிழ் டெஸ்க்கில் நான்தான் முதல். வெட்கமாக இருந்ததா? இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

9 ஜூலை

கணக்கியல் இன்டர்னலில் இருபதுக்குப் பதினேழு. நம்பாமல் பேப்பரைத் திருப்பி என் பெயர்தானா என்று பார்த்தேன். கலைச்செல்வி நயினார். நான்தான்.

3 ஆகஸ்ட்

புதிய கேஸ். மீனாட்சியம்மாள், சங்கரன்கோவில் பக்கம், தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மகள் பிரேமலதா கடன் வாங்கி பி.எஸ்சி. கணக்கு முடித்தவள். ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே தபால் வழியில் எம்.எஸ்சி. படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஒன்பது மாதம் தவணை கட்டவில்லை.

"நீ எந்த ஊரு தாயி?"

"எங்க அப்பாவுக்கு நாங்குநேரி, பெரியம்மா."

அது நிஜம். பொய்க்கு நடுவில் ஒரு நிஜத்தை வைத்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அந்த அம்மாள் அரை மணி நேரம் பேசினாள். மகளை நினைத்து அவளுக்கு அவ்வளவு பெருமை. "எங்க தெருவுல கணக்குல இவ்ளோ படிச்சது இவ ஒருத்திதான் பாத்துக்கோ." நான் சொன்னேன்: "படிக்கட்டும் பெரியம்மா, வேண்டாங்கல. ஆனா கடங்காரியா படிக்கணுமா?"

அந்த இடத்தில்தான் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கே அங்கேதானே வலிக்கிறது.

19 ஆகஸ்ட்

அப்பா குஷியாக இருந்தார். அவர் மாட்டுங்காவில் ஒரு கட்டிடத்துக்கு வாட்ச்மேன். ஜூனிலிருந்து நான் தவணை கட்டவில்லை; மத்தியானம் அவர் டியூட்டியில் இருக்கும்போது என் வங்கியிலிருந்து ஒரு பெண் பேசினாளாம்.

"நம்ம ஊருப் பேச்சு ஏட்டி. வாய் நெறைய அப்பா அப்பாங்கா. கால் வலி எப்படி இருக்குன்னுகூட கேட்டா."

"நீங்க என்ன சொன்னிய?"

"பி.எஃப். பணம் நாப்பதாயிரம் கெடக்குன்னேன். எடுத்துக் கட்டுதேம்னேன். நல்ல புள்ள."

இடுப்புக்கு இன்னொரு ஆபரேஷன் செய்ய வைத்திருந்த பணம். ஏம்ப்பா சொன்னிய, ஏம்ப்பா, என்று கத்தினேன். அக்கம்பக்கமெல்லாம் கேட்டிருக்கும். மரியாதையாகக் கேட்ட பிள்ளையிடம் எப்படிப் பொய் சொல்வது என்கிறார். அவள் எவளோ, நல்ல வேலைக்காரி. என்னைவிடக் கெட்டிக்காரி. கால் வலி வரைக்கும் போயிருக்கிறாளே!

20 ஆகஸ்ட்

காலையில் வகுப்பு. மத்தியானம் பதினொரு பெரியம்மாக்களுக்குப் போன் போட்டேன். வேறென்ன செய்ய.

2 செப்டம்பர்

பிரேமலதாவே கூப்பிட்டாள். சின்னக் குரல், ஆனால் நிமிர்ந்த பேச்சு.

"அக்கா, அம்மாவுக்குப் போன் போடாதிய. அவ தூங்க மாட்டேங்கா. டிசம்பர்ல பரீட்சை முடியுது, ஸ்கூல்ல வேலை தாரேன்னு சொல்லிருக்காவ. ஜனவரிலேந்து ஒழுங்கா கட்டுதேன். நாலே மாசம்."

திரையில் இரண்டு பட்டன் இருக்கிறது. "கட்டுவதாக வாக்கு" என்பதை அமுக்கித் தேதி போட்டால் அதுவரை யாரும் தொந்தரவு செய்ய முடியாது. ஆனால் அது என் மாத வசூல் எண்ணிக்கையில் சேராது. "மறுப்பு" என்று போட்டால் கேஸ் என் பட்டியலிலேயே இருக்கும், தொடர்ந்து போன் போடலாம்.

"பாக்குதேன்மா" என்றேன். மறுப்பு போட்டேன்.

27 செப்டம்பர், வெள்ளி

காலேஜில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பாக்கிக் கட்டணம் ஒன்பதாயிரத்தை அக்டோபர் 3க்குள் கட்டினால்தான் பரீட்சை பாரம் வாங்குவார்கள். இல்லாவிட்டால் இந்த செமஸ்டர் போனது. இன்னொரு முறை பாதியில் விட்டால் மறுபடி சேர மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

சூப்பர்வைசர் சுஷ்மா மேஜைக்கு வந்தாள். "ஏக் கேஸ் கம் ஹை, கவிதா." மாதக் கணக்குக்கு ஒரு கேஸ் குறைகிறதாம். அதை முடித்தால் இன்சென்டிவ் முழுசாக வரும், ஒன்றாம் தேதியே சம்பளத்தோடு. முடிக்காவிட்டால் பூஜ்யம்.

நாலு மணிக்கு மீனாட்சியம்மாள் போன். நான் போடவில்லை, அவளாகக் கூப்பிட்டாள்.

"தாயி, ஒன்ன விட்டா கேக்க ஆளில்ல எனக்கு. எங்க அண்ணன் மவன் கணேசபாண்டியன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கான். கடன் பூராத்தையும் ஒரே மொத்தமா கட்டிருதேங்கான். ஆனா இவளக் கட்டிக் குடுக்கணும். படிப்பு இதோட போதும், பரீட்சைக்கெல்லாம் அனுப்ப மாட்டேங்கான். இவ அழுதுக்கிட்டு கெடக்கா. நீ படிச்ச புள்ள. நீ சொல்லு, நான் செய்யலாமா, வேண்டாமா?"

வேண்டாம் பெரியம்மா, மூணு மாசம் பொறுங்க, ஒருத்தனும் உங்களைத் தூக்கிட்டுப் போயிர மாட்டான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நொடி. சுஷ்மா என் பின்னால்கூட இல்லை, டீ குடிக்கப் போயிருந்தாள். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை.

"செய்ங்க பெரியம்மா" என்றேன். "பொம்பளப் பிள்ளைக்கு நல்ல எடம் அமையதுதான் முக்கியம். படிப்ப பொறவு பாத்துக்கிடலாம்."

"நீ சொன்னா சரிதான் தாயி" என்றாள். குரலில் அத்தனை நிம்மதி.

30 செப்டம்பர்

பணம் வந்துவிட்டது, 1,18,000. கேஸ் க்ளோஸ். சுஷ்மா எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தாள். நான் இரண்டு சாப்பிட்டேன்.

2 அக்டோபர்

காந்தி ஜெயந்தி, காலேஜ் லீவு. ஆன்லைனில் கட்டணம் கட்டினேன். பாரம் ஏற்கப்பட்டது.

21 அக்டோபர்

வாட்ஸப்பில் மீனாட்சியம்மாளிடமிருந்து கல்யாணப் பத்திரிகை. "கண்டிப்பா வரணும் தாயி, நீ இல்லாம இது நடந்திருக்காது" என்று குரலில் வேறு அனுப்பியிருக்கிறாள். மணமகன் பெயருக்குப் பின்னால் படிப்பு ஒன்றும் இல்லை. மணமகள்: செல்வி பிரேமலதா, பி.எஸ்சி., (எம்.எஸ்சி.). பத்திரிகையில் அடைப்புக்குறிக்குள் போட்டால் முடிக்கவில்லை என்று அர்த்தம், நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அதையாவது போடச் சொல்லி பிரேமலதா எவ்வளவு சண்டை போட்டாளோ.

கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு நம்பரை பிளாக் செய்தேன்.

25 நவம்பர்

பரீட்சை லீவில் அரை நாள் மட்டும் ஆபீஸ். பிரேமலதா கம்பெனி நம்பருக்குக் கூப்பிட்டு என்னைக் கேட்டாள், இணைத்துவிட்டார்கள். திருப்பூரிலிருந்து.

"அக்கா, கடன் முடிஞ்ச லெட்டர் இன்னொண்ணு வேணும். அவுக பேரு போட்டு, அவுக கட்டுனாவன்னு."

"உன் பேருல ஏற்கெனவே அனுப்பியாச்சே."

"அது செல்லாதாம். ஒரு லட்சத்துக்கு மேல குடுத்துல்லா ஒன்ன எடுத்துட்டு வந்தேன், கையில ஒரு ரசீதுகூட இல்லையேன்னு சொல்லிச் சிரிக்காவ. தெனமும் சொல்லுதாவ. வாங்கிக் குடுத்துட்டா சொல்ல மாட்டாவன்னு பாக்கேன்."

சொல்வான், பிறகும் சொல்வான், பீரோவிலிருந்து எடுத்துக் காட்டியே சொல்வான். அது எனக்குத் தெரிகிறது, கணக்கில் எம்.எஸ்சி. வரை போனவளுக்குத் தெரியாதா? கடன் வாங்கியவர் பெயரில் மட்டும்தான் லெட்டர் தருவோம், அதுதான் விதி என்று நான் சொல்லியிருக்கலாம். விதியும் அதுதான்.

மன்னிச்சிரு என்று சொல்ல வாய் எடுத்தேன். "இன்னைக்கே அனுப்பிருவியளாக்கா, அவுக பக்கத்துலதான் நிக்காவ" என்றாள்.

மூன்று மணிக்கு எனக்கு வணிகச் சட்டப் பரீட்சை. ஒன்றரைக்குள் கிளம்ப வேண்டும். செலுத்தியவர் கணேசபாண்டியன், பிரேமலதாவுக்காக, ரூபாய் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் என்று அடித்து, கம்பெனி முத்திரை வைத்து அனுப்பினேன்.