இடது உள்ளங்கையில் ஒரு பிளாஸ்திரித் துண்டு

என் எலிராணிக்கு,

பாட்டி எழுதுவது. கடிதம் என்றால் எல்லாரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். இங்கே முக்கால்வாசி சுகம். மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் உன் தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழையை நீயே திருத்தி வாசித்துக்கொள்.

முதலில் உன் பெருமை. எதிர்வீட்டுக்காரி நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டாள். எலிகளை வைத்து ஆராய்ச்சி என்றேன். "இவ்வளவு படிச்சது எலி பிடிக்கவா? எங்க அடுப்படியிலயும் ஒண்ணு ஓடுது, லீவுல வந்தா அனுப்பி வைங்க" என்றாள். விடுவேனா? "அவ பாக்குறது ஆராய்ச்சிக்கு எடுத்த எலி. உங்க வீட்டு எலிக்கு அந்தத் தகுதி வரட்டும், சொல்லி அனுப்புறேன்" என்றேன். பிறகு நீ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். எலியின் மூளைக்குப் போகிற ரத்தக் குழாயைக் கொஞ்ச நேரம் அடைத்துத் திறந்துவிடுவார்கள், மனிதருக்கு லேசான பக்கவாதம் வருகிற மாதிரி. அதற்குப் பிறகு மூளைக்குள்ளே எந்த ஜீன் விழித்துக்கொண்டது, எது தூங்கிப் போனது என்று என் பேத்தி பார்ப்பாள். ஜீன் என்றால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எழுதி வைத்திருக்கிற வேலைக் குறிப்பு, எல்லாம் எப்போதும் வேலை செய்யாது, தேவைக்குத்தான் எழுந்திருக்கும் என்றேன். அவள் வாயை மூட மறந்துபோய் நின்றாள். இதைப் பத்துப் பேரிடமாவது சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவுக்கு லேசான கோளாறு, ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். அது தெரியவந்த கதை அவளுக்கே முழுசாகத் தெரியாது.

ஒருநாள் காலையில் டீ டம்ளர் அவருடைய இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவருக்கு விரல் மடங்கவில்லை. நான் பதறிக்கொண்டு போவதற்குள் சரியாகிவிட்டது. "மரத்துப் போச்சுடி, கைய மடக்கிப் படுத்துட்டேன் போல" என்றார். அப்புறம் சிரித்தார், சாப்பிட்டார், பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் எனக்கு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடக்கும், அவர் பாட்டுக்கு ஒற்றைச் செருப்போடு தெருமுனை வரை போயிருப்பார். இத்தனை வருஷத்தில் வேனில் ஒரு கீறல் உண்டா என்று ஊரெல்லாம் கேட்கிற மனுஷர், நம் கேட்டிலேயே இடது பக்கத்தை உரசிவிட்டார். கேட்டால், "கேட் கொஞ்சம் நகர்ந்து வந்திருக்கும்" என்கிறார்!

டாக்டரிடம் போகலாம் என்றேன். "கை ஆடுது, கால் நடக்குது, வயிறு பசிக்குது. டாக்டர் என்னத்த எழுதப் போறார்? உனக்கு வேணா பேச்சைக் கொறைக்க ஒரு மாத்திரை எழுதுவார்" என்றார். இவரோடு பேசி ஜெயிக்க முடியுமா?

அப்போதுதான் போன லீவில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. லேசாகப் பக்கவாதம் வந்த எலி ஓடும், ஏறும், தின்னும், பார்த்தால் ஒன்றுமே தெரியாது, உள்ளே மட்டும் ஜீனெல்லாம் கலவரப்பட்டுக் கிடக்கும் என்றாயே. அதனால் முன்னங்கால் இரண்டிலும் சின்ன ஒட்டுத்துண்டை ஒட்டிவிட்டுப் பார்ப்பீர்கள், நல்ல பக்கத்துத் துண்டை உடனே பல்லால் பிய்த்துப் போடும், மற்ற பக்கத்தில் ஒட்டியிருப்பதே தெரியாமல் திரியும் என்றாய்.

நானும் செய்தேன். சாப்பிட்டுவிட்டு அவர் நாற்காலியில் உள்ளங்கை இரண்டையும் மலர்த்திப் போட்டுக் கண் அசந்த நேரம், பிளாஸ்திரியில் இரண்டு பொட்டு வெட்டிக் கைக்கு ஒன்றாக ஒட்டிவிட்டுப் பட்டாணி உரிக்க உட்கார்ந்தேன். எழுந்ததும் வலது கையில் ஏதோ உறுத்த, "இதென்னடி வேலை" என்று பிய்த்து எறிந்தார். இடது கையை ஒன்றும் செய்யவில்லை. டீ குடித்தார், தலை சீவினார், அந்த இடது கையிலேயே வேன் சாவியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கிளம்பிவிட்டார். பிளாஸ்திரி அங்கேயேதான் இருந்தது. வேன் நிறையப் பிள்ளைகள் ஏறுமே!

ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். "என்னடி குறுக்க நிக்கிற, நேரமாச்சு" என்றார். இடது கையை விரித்துப் பாருங்கள் என்றேன். விரித்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "எப்போ ஒட்டின?" என்று கேட்டார். வலது கையில் ஒட்டினபோதேதான் என்றேன். சாவியை என் கையில் வைத்துவிட்டு வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கூட்டாளி டிரைவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, ஒரு வாடகை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மூளையில் வலது பக்கம் சின்ன அடைப்பு என்று படம் எடுத்துச் சொன்னார் டாக்டர். சின்னதுதான், ஆனால் பெரியது வருவதற்கு முன்னால் கதவைத் தட்டுகிற மாதிரி, டம்ளர் விழுந்த அன்றைக்கே வந்திருக்க வேண்டும், இப்போதாவது வந்தீர்களே என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். தான் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். பிளாஸ்திரிக் கதையைக் கேட்டுவிட்டு "பேத்தி டாக்டரா?" என்றார். "ஆமாங்க, எலிகளுக்கு" என்றேன். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் என்னோடு பேச்சே இல்லை. சுவரைப் பார்த்துச் சொல்லுவார், "கட்டின பொண்டாட்டியே புருஷன எலியாக்கிட்டா, வெளியில சொல்லாதீங்க" என்று. பிறகு ஒருநாள் தானாகவே பிளாஸ்திரிச் சுருளைக் கொண்டுவந்து நீட்டினார். "நான் கண்ண மூடிக்கிறேன். எங்க வேணா ஒட்டு, சொல்றேன்" என்றார். இப்போது காலையில் டீக்குப் பிறகு எங்களுக்கு இதுதான் விளையாட்டு. சில நாள் சரியாகச் சொல்கிறார். சில நாள் குருட்டாம்போக்கில் சுண்டுவிரல் என்கிறார், நான் மணிக்கட்டில் ஒட்டியிருப்பேன். ஓரக்கண்ணால் பார்ப்பதும் உண்டு. "உன் பேத்தியோட எலி இப்படித் திருட்டுத்தனம் பண்ணுமா?" என்று அவரே கேட்டுச் சிரிக்கிறார். சிரித்துவிட்டு வாசலில் நிற்கிற வேனைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது உன்னிடம் இரண்டு கேள்வி கேட்கப் போகிறார். என்னிடம் கேட்டு ஒத்திகை பார்த்தாயிற்று.

ஒன்று, அந்த எலிகளுக்கு முன்போல ஆகுமா என்பது. எனக்கு என்ன தெரியும், அவளைக் கேளுங்கள் என்றேன். நீ உனக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்லு. எலி வேறு, மனுஷன் வேறு என்றால் அதையும் சொல்லு. சர்க்கரை தடவ வேண்டாம். முன்னால் பள்ளம் என்று சொன்னால் நிதானமாக ஓட்டத் தெரிந்த மனுஷர் அவர்.

இரண்டாவது, ஆராய்ச்சி முடிந்ததும் அந்த எலியை என்ன செய்வார்கள் என்பது. எனக்குத் தெரியும். அடுப்படியில் நின்று கையைக் கழுவிக் கழுவி நீ என்னிடம் மட்டும் சொன்னாய். வலிக்காமல் தூங்க வைத்து, அப்புறம்தான் மூளையை எடுத்துப் பார்க்க முடியும், இல்லாவிட்டால் எந்த ஜீன் விழித்தது என்று யாருக்கும் தெரியாது என்றாய். அன்றைக்கு நீ சரியாகச் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

தாத்தாவிடம், கடைசிவரை கூண்டில் வைத்து வேளாவேளைக்குத் தீனி போடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். "அப்படியா? நல்ல உத்தியோகந்தான்" என்றார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். இந்த ஒன்றில் மட்டும் பாட்டி சொன்னதையே நீயும் சொல்லிவிடு கண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு. தாத்தாவைக் காப்பாற்றியது எந்த எலி என்று தெரியாது, ஆனால் நான் தினமும் அதைக் கும்பிட்டுக்கொள்கிறேன். அதைத் தூக்குகிற உன் கை நடுங்காமல் இருக்கட்டும், நீ தேடுவது உனக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கிற
பாட்டி